வெறுங்கால் காவல்

மண் மூடி முடிந்தது. குழிவெட்டும் ஆல்ஃப் ப்ரீஸ் மண்வெட்டியின் பின்புறத்தால் மேட்டைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தான். டோர்காஸ் டஃப்லி மெல்ல கில்பர்ட்டின் பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எந்த பூட்ஸ் போட்டு அனுப்பின தம்பி? பழுப்பா, கறுப்பா?"

கில்பர்ட் ப்ரோசருக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் அவன் கண்முன் வந்து நின்றது தன் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்புறம். அங்கே அவன் மனைவி எனிட்டின் பழுப்பு பூட்ஸ், அவள் கடைசியாகக் கழற்றிப் போட்டபடியே, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது.

டோர்காஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மண்மேட்டைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். வாசல்பக்கம் நடந்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் ஆல்டர்கோட் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. முழுவதும் என்றால் பெரிய கூட்டமில்லை. சபையார் ஒருவர் விடாமல் வந்தாலும் தேவாலயத்தின் முன்பெஞ்சுகள் மட்டும்தான் நிறையும்.

ஆல்டர்கோட்டில் இறந்தவர்களை பூட்ஸோடுதான் புதைப்பார்கள். நிற்க வேண்டியிருக்கிறதே. கடைசியாகப் புதைக்கப்பட்டவர், அடுத்தவர் வந்து சேரும்வரை கல்லறைத் தோட்டத்து வாசலில் காவல் நிற்க வேண்டும். அடுத்தவர் வந்ததும் முறை மாறும். நின்றவர் வாசலைத் தாண்டி, வண்டிப்பாதை வழியாக இறங்கி, கீழே ஓடையைக் கடந்து போய்விடுவார். ஓடைக்கு அப்பால் வேறு சபை, வேறு காவல். எங்கே போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. குருவானவர் காதுபட இதைப் பேசுவதுமில்லை. ஆனால் வாசல் கொண்டியைத் தூக்கும்போது, காவலில் இருப்பவரின் பேரைச் சொல்லி ஒரு வணக்கம் வைக்காமல் எவரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். பெரிய ஊர்களில் முறை சீக்கிரம் மாறிவிடும். இங்கே அப்படியில்லை. எனிட்டுக்கு முன் நின்ற கிழவர் ஹாட்னெட், போர் தொடங்கிய வருஷம் வாசலுக்கு வந்தவர். போர் முடிந்து, ரேஷன் முடிந்தும் நின்றுகொண்டிருந்தார்.

எனிட் இறந்தது நகரத்து மருத்துவமனையில். குடல்வால் வெடித்த அன்று ஓடை பெருகிப் பாதையை அடைத்திருந்தது. டிராக்டரில் ஏற்றி மேட்டுவழியே சுற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. அவளைப் பெட்டியில் வைத்தது நகரத்து ஆட்கள். அவர்களுக்கு ஆல்டர்கோட்டைப் பற்றி என்ன தெரியும்? வெள்ளை அங்கி போட்டார்கள், கைகளைக் கோத்தார்கள், மூடியைத் திருகினார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் கில்பர்ட் 'சரி' என்றான்.

அன்று மாலை ஆல்ஃப் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. படியில் நின்று தொப்பியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்.

"ஏப்பா, மண்ணு இன்னும் இறுகல. நீ ஊம்னு ஒரு வார்த்தை சொல்லு. விடியறதுக்குள்ள திறந்து, போட்டு, மூடிடறேன். குருவானவருக்கு எதுக்குத் தெரியணும்?"

கில்பர்ட் விவசாயக் கல்லூரியில் படித்தவன். ஆட்டுக்கும் ஆப்பிளுக்கும் வரும் நோய்களை லத்தீன் பேரோடு சொல்லத் தெரிந்தவன். செத்தவளுக்கு எதற்கு பூட்ஸ், நீ வீட்டுக்குப் போ என்றான். ஆல்ஃப் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

குளிர் டிசம்பரில் இறங்கியது. உறைபனி விழுந்த முதல் காலையில் கில்பர்ட் ஆடுகளுக்குத் தீனி வைக்க மேலே ஏறினான். அவன் வீடு வண்டிப்பாதையின் அடியில், ஓடைக்குப் பக்கத்தில் இருந்தது. தேவாலயம் உச்சியில். இரண்டுக்கும் இடையே, இருபக்கமும் வேலியோடு பாதை. கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டும்போது உள்ளே பார்வை போனது. புல் முழுவதும் உப்புக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடந்தது. வாசலுக்கு உள்ளே, ஓரமாக, இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் பனி படியவில்லை. பச்சையாக, ஈரமாக, பக்கம் பக்கமாக இருந்தன. இடதுபக்கத்தது சற்று வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

பாத்திரம் கழுவும்போது எனிட் அப்படித்தான் நிற்பாள், இடது பாதத்தை வெளியே திருப்பிக்கொண்டு.

கில்பர்ட் வீட்டுக்குத் திரும்பி இரும்புக் கம்பி எடுத்து வந்தான். அடியில் ஊற்று இருக்கலாம், பழைய குழாய் இருக்கலாம். அந்த இடங்களைச் சுற்றிலும் கம்பியை இறக்கிப் பார்த்தான். மண் கல்லாக இறுகியிருந்தது. ஆல்ஃப் வந்தான். கொண்டியைத் தூக்கித் தொப்பியைத் தொட்டான். "வணக்கம், எனிட்" என்றான். அந்த இரண்டு இடங்களையும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். கில்பர்ட்டையும் கம்பியையும் அவன் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாரும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரும் அவள் பேரைச் சொன்னார்கள். கில்பர்ட் மட்டும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் பழுப்பு பூட்ஸைத் துடைத்து, மெழுகு தேய்த்து, எடுத்துக்கொண்டு போனான். யாருமில்லை. அந்த இரண்டு இடங்களின்மேல் ஒவ்வொன்றாக வைத்து, வார்களைத் தளர்த்திவிட்டு வந்தான். காலையில் போய்ப் பார்த்தான். பூட்ஸின் உள்ளும் வெளியும் பனி பூத்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, புல்லில், இரண்டு ஈரமான இடங்கள்.

டோர்காஸ் அதற்கும் காரணம் சொன்னாள். முறை ஏறுவதற்கு முன் போட்டுவிட்டால்தான் போட்டது. ஏறிய பிறகு கொடுப்பது காவலில் நிற்பவருக்குச் சேராது. அவர் ஓடையைத் தாண்டப் போகும்போது வேண்டுமானால் வழியில் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒருத்தர் தன் குடையை எடுத்துக்கொண்டு போனதாக அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

கில்பர்ட் பூட்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் போட்டான். அன்றிலிருந்து பனி விழுந்த இரவுகளில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. படுக்கையில் தன் காலைக் கம்பளிக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு கிடப்பான். மரத்துப்போகும்வரை உள்ளே இழுக்கமாட்டான்.

பிப்ரவரியில் குருவானவர் ஹார்க்னெஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருக்கு நான்கு சபைகள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ஆல்டர்கோட்டுக்கு. அன்று பிரசங்கத்தை முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு செய்தி சொன்னார். வெள்ளத்துக்குப் பிறகு மேட்டுச்சரிவு மண் நகர்கிறதாம். தேவாலயச் சுவரில் விரிசல் கண்டிருக்கிறது. பேராயர் யோசித்து முடிவு எடுத்துவிட்டார். ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தைப் பூட்டிவிடுவார்கள். கல்லறைத் தோட்டத்தில் இனிமேல் யாரையும் புதைக்க முடியாது. வாசலுக்குச் சங்கிலி போடப்படும். நகரத்துக் கல்லறை மிக நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, தண்ணீர்க் குழாய்கூட இருக்கிறது என்றார்.

ஒருவர் பின் ஒருவராக எல்லாத் தலைகளும் திரும்பி கில்பர்ட்டைப் பார்த்தன.

அவனுக்கும் புரிந்துவிட்டது. எனிட்டுக்குப் பிறகு யாரும் வரப்போவதில்லை. வாசலுக்குச் சங்கிலி விழுந்தால் அவள் உள்ளேயேதான். என்றைக்கும். வெறுங்காலோடு.

மறுநாள் ஜேபஸ் டஃப்லி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். டோர்காஸின் புருஷன். வாசலுக்கு நேர் எதிர் வீடு. ஆல்டர்கோட்டிலேயே அவரைப்போல ஊர்வம்பு விசாரிப்பவர் கிடையாது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாதையில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார், கையில் என்ன பை என்பதெல்லாம் கணக்கு வைத்திருப்பார். சர்க்கரை வியாதியில் இடது கால் கட்டைவிரல் கறுத்துப்போய், காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்திருந்தார்.

"ஈஸ்டருக்குள்ள நான் போயிடறேன் தம்பி. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு" என்றார்.

"நாப்பது வருஷமா இதத்தான் சொல்லிட்டிருக்காரு" என்றாள் டோர்காஸ், அடுப்படியிலிருந்து. "சொன்ன சொல்ல ஒருநாளாவது காப்பாத்தினாரா?"

ஜேபஸ் சிரித்தார். கில்பர்ட்டும் சிரிக்க முயன்றான். ஆனால் அன்றிலிருந்து ஆல்டர்கோட் முழுவதும், வாய்விட்டுச் சொல்லாமல், ஜேபஸுக்காகக் காத்திருந்தது. பண்ணை வீட்டுக்காரி முட்டை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பாள். தூங்கினார் என்றால் முகம் வாடும். ஜேபஸுக்கே வெட்கமாகிவிட்டது. பசி குறையவில்லை என்று ஆல்ஃபிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாராம்.

மார்ச் தொடக்கத்தில் கறுப்பு முழங்கால்வரை ஏறியது. நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் காலைத் தொடையோடு எடுத்துவிட்டார். இனி கவலையில்லை, இதயம் குதிரை மாதிரி இருக்கிறது, நெடுநாள் இருப்பார் என்று சந்தோஷமாகச் சொன்னார். கில்பர்ட் அதைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றான். டோர்காஸை அவன்தான் வேனில் அழைத்து வந்திருந்தான்.

கட்டிலில் ஜேபஸ் கண் திறந்ததும் கேட்டது, கால் எங்கே என்று. கொதிகலன் அறையில் எரித்துவிடுவார்கள் என்றாள் தாதி.

"எரிக்கறதா? எண்பது வருஷம் என்னைத் தூக்கிச் சுமந்த கால். அடுப்புல வைக்க அது என்ன விறகா?" என்றார் ஜேபஸ். பிறகு கில்பர்ட்டைப் பக்கத்தில் அழைத்தார். "நான் முழுசா வரமுடியல. அத முன்னால அனுப்பு. பூட்ஸோட புதைங்க. அவள மாத்தி விடுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எரிக்கவேண்டும் என்று சட்டமில்லை, எடுத்துப்போகலாம் என்றார்.

ஆப்பிள் பெட்டி ஒன்றில் வைக்கோல் பரப்பி, துணியில் சுற்றிய காலை வைத்து மூடினார்கள். திரும்பும் வழியெல்லாம் டோர்காஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். ஓடைப் பாலத்தில் வேன் குதித்தபோது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். "கல்யாணத்தன்னிக்கு என் காலை மிதிச்சது இதுதான்" என்றாள். சற்று நேரம் கழித்து, "இடதுகால்" என்றாள்.

குருவானவர் இதற்கென்று ஆராதனை முறை கிடையாது என்றார். ஆனாலும் வந்தார். ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சிறிய ஜெபம் ஒன்று சொன்னார். டோர்காஸ் இடது பூட்ஸைக் கொண்டுவந்திருந்தாள். அடித்தோலில் புதிதாக ஆணியடித்து, கண்ணாடிபோலத் துடைத்த பூட்ஸ். அவளே போட்டு, வாரை இரட்டை முடிச்சாக முடிந்தாள். ஒரு காலுக்கு மட்டும் மணி எப்படி அடிப்பது என்று ஆல்ஃபுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு அடி அடித்து நிறுத்திக்கொண்டான். வெளியே வரும்போது கொண்டியைத் தூக்கி, சற்றுத் தயங்கி, "வணக்கம், ஜேபஸ்" என்று சொல்லிப் பார்த்தான். ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை.

அன்றிரவு கில்பர்ட் மேஜையில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டான். எனிட் போனபிறகு நின்றபடியே சாப்பிட்டுப் பழகியிருந்தவன். நாட்கள் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தன. ஆடுகள் ஈன ஆரம்பித்தன. பனி விழவில்லை.

விழுந்தது, மாதக் கடைசியில். வாசலுக்குப் போய்ப் பார்த்தான். வெள்ளைப் புல்லில் நீளமாக, அகலமாக, ஒரு பூட்ஸின் தடம். குதிகால் விளிம்புகூடத் தெரிந்தது. அவன் நெஞ்சின் பாரம் இறங்கியது. பிறகுதான் மற்றதைப் பார்த்தான். பூட்ஸ் தடத்தை ஒட்டி, தொட்டுக்கொண்டு, இரண்டு சின்னப் பாதங்கள். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, அகட்டி ஊன்றியிருந்தன. விரல்கள் இருக்கும் இடத்தில் மண் அழுந்தியிருந்தது. பாரம் சுமப்பவர் அப்படித்தான் நிற்பார்.

நேரே டஃப்லி வீட்டுக்குப் போனான். ஜேபஸ் மருத்துவமனையிலிருந்து திரும்பி ஒரு வாரமாகியிருந்தது. குளிரில்லாத இடம் வேண்டும் என்று டோர்காஸ் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றியிருந்தாள். அந்த அறைக்குப் பாதைப்பக்கம் ஜன்னல் கிடையாது. மருத்துவமனை கொடுத்த ஊன்றுகோல் ஒன்று கதவோரம், சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல், சாய்ந்திருந்தது. ஜேபஸ் எழுந்திருக்க மறுத்துவிட்டார். படுத்தபடியே, இல்லாத காலின் இடத்தில் கம்பளியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீ இப்ப வாசல்ல நின்ன" என்றார். "கொண்டியத் தொட்ட, தூக்கல. நேத்து குருவானவர் வந்தாரு. வணக்கம்கூடச் சொல்லாம உள்ள போனாரு. அவரு கால்ல புது ஷூ."

டோர்காஸ் தலையை ஆட்டினாள். எல்லாம் சரியாகச் சொல்கிறார், எப்படி என்று கேட்காதே என்பதுபோல.

"கால் தெரியுதா பெரியவரே?" என்றான் கில்பர்ட்.

"தெரியாம? ஈரப் புல்லுல நிக்குது. பூட்ஸ்ல தண்ணி இறங்குது. அந்த ஆணி அடிச்ச பய ஒழுங்கா அடிக்கல."

"எனிட்?"

ஜேபஸ் கம்பளி நூலை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"நாம யாரும் யோசிக்கல தம்பி. ஒத்தக் கால் எப்படி நிக்கும்? போன வேகத்துல சாஞ்சேன். அவ தோள் குடுத்துட்டா. முறை மாறிடுச்சு, கதவு திறந்துதான் இருக்கு. ஆனா விட்டா நான் விழுந்துடுவேன். அதான் போகாம நிக்கறா."

"ஏதாவது பேசினாளா?"

"பேசல. பல்லு கிட்டுற சத்தம் மட்டும் கேக்குது."

கில்பர்ட் கட்டிலில் கிடந்த மனிதனைப் பார்த்தான். கழுத்தில் துடிக்கும் நரம்பைப் பார்த்தான். ஈஸ்டருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தானோ, டோர்காஸ் நடுவில் வந்து நின்றாள்.

"என் புருஷன பெட்டிக்கு அளவெடுக்கற மாதிரி பாக்காத" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் அவனைச் சுட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த நேரம் ஜேபஸ் புகையிலைப் பையை எட்ட ஒரு கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி எழும்பினார். பாதி எழும்பியவர் கட்டிலைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"அட" என்றார். "இப்ப அவ லேசா மூச்சு விட்டா. நான் ஊனினா அவளுக்குப் பாரம் குறையுது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கில்பர்ட் கதவோரம் போய் ஊன்றுகோலின் காகிதத்தைப் பிரித்தான்.

அது குட்டை. ஜேபஸ் உயரமானவர். கில்பர்ட் தன் வேலியிலிருந்து கவையுள்ள ஆஷ் மரக்கிளை ஒன்றை வெட்டி, சீவி, அக்குளுக்குத் துணி சுற்றிக் கொண்டுவந்தான். ஜேபஸ் அதைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விழுந்துவிடுவேன் என்ற பயம். தான் விழுந்தால் பரவாயில்லை, அவளும் சேர்ந்து விழுவாளே என்றார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் கில்பர்ட் ஆட்டுக் கொட்டிலிலிருந்து ரத்தக் கையைக் கழுவாமலே வந்து, தோளைக் கொடுத்து, தூக்கி நிறுத்தினான். கிழவர் அவன் காதுக்குள் வைதார்.

"கல்லூரில இதத்தான் படிச்சியா? கிழவனத் தூக்கிப் போட்டுக் கொல்றதுக்கு?"

"இல்ல. செம்மறிக்கு நிக்கச் சொல்லிக் குடுக்கப் படிச்சேன்."

"செம்மறி உன்னைக் கடிக்காது. நான் கடிப்பேன்."

"பல்லு எங்க இருக்கு பெரியவரே?"

டோர்காஸ் மறுபக்கம் திரும்பிச் சிரித்தாள். ஒவ்வொரு நாளும் கில்பர்ட் வந்தான். ஜேபஸ் விழுந்தார், எழுந்தார், வைதார், அழுதார். அவர் அவன் தோளில் சாயும்போது பாரம் முழுவதும் இறங்கும். எலும்பு நொறுங்குவதுபோல இருக்கும். ஒரு கணம் தாங்கவே அவனுக்கு மூச்சு முட்டும். அங்கே அவள் நாள் முழுக்கத் தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பான். நினைத்ததும் இன்னும் கொஞ்சம் தாங்குவான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சனிக்கிழமை. பேராயர் அலுவலகத்து ஆட்கள் சங்கிலியைக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்து வாசல் கூரைக்கடியில் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று பொழுது சாயும் நேரம், ஜேபஸ் பின்னறையின் நடுவில், ஒரு காலும் ஆஷ் கிளையுமாக நின்றுகொண்டிருந்தார். கில்பர்ட்டின் தோள் அவர் அக்குளில் இருந்தது.

"எடு" என்றார்.

கில்பர்ட் தோளை எடுத்தான்.

கிழவர் ஆடினார். முகம் வெளுத்தது. டோர்காஸ் ஏப்ரன் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஆஷ் கிளை தரையில் ஒருதரம் நகர்ந்து, நின்றது. ஜேபஸ் நின்றார். தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவளும் எடுத்துட்டா" என்றார் மெதுவாக. "பக்கத்துலயேதான் நிக்கறா. நான் விழறேனான்னு பாக்கறா."

கில்பர்ட் கதவைப் பார்த்து நகர்ந்தான். டோர்காஸ் அவன் சட்டைக்கையைப் பிடித்துவிட்டாள்.

"அங்க போகாத தம்பி. போற ஆள வழியில மறிக்கக்கூடாது. நேரா வீட்டுக்குப் போ. அவ வழி உன் வீட்டு முன்னாலதான். கதவத் திறந்து வை. பூட்ஸ படியில வை."

ஜேபஸ் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். "சீக்கிரம் போ. நான் ராத்திரி பூரா நிக்கறேன்னு நினைக்காத. நிக்கத்தான் போறேன், ஆனா நினைக்காத" என்றார். சங்கிலியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. வாசலில் இனி வரப் போகிறவர் யாருமில்லை, அதைப் பார்க்க ஒரு கால் போதும், பாக்கி உடம்பை நகரத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கில்பர்ட் கல்லறை வாசல்பக்கம் திரும்பாமல் இறங்கினான். வானம் தெளிந்து, காற்று நின்றுபோயிருந்தது. பனி விழும் என்று தெரிந்தது. வீட்டில் பூட்ஸை எடுத்து மறுபடி துடைத்தான். வார்களைத் தளர்த்தி, அவள் கால் நுழைக்க வாகாக, குதிகால் வெளியே பார்க்க வேண்டுமா உள்ளே பார்க்க வேண்டுமா என்று வெகுநேரம் யோசித்து, படியில் வைத்தான். குளிருக்குக் கதவைச் சாத்தினான், தாழிடவில்லை. அடுப்பைக் கிளறி விறகு போட்டான். நாற்காலியைக் கதவுப்பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

என்ன சொல்லலாம் என்று யோசித்தான். வணக்கம் சொல்லவில்லையே இத்தனை நாள், அதிலிருந்து தொடங்கலாமா என்று யோசித்தான். தோள் வலித்தது. அடுப்பின் சூடு காலில் ஏறியது. அவள் இனி யாரையும் சுமக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு ஒரு கம்பளிபோல அவன்மேல் விழுந்தது.

விழித்தபோது விடிந்திருந்தது. மாதக்கணக்கில் அப்படி அவன் தூங்கியதில்லை. ஒரு கனவுகூட இல்லை.

கதவைத் திறந்தான். உலகம் வெளுத்துக் கிடந்தது. படியில் பூட்ஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளும் வெளியும் பனி பூத்திருந்தது. யாரும் தொடவில்லை.

மேட்டிலிருந்து, வண்டிப்பாதையின் நடுவே, சின்ன ஈரத் தடங்கள் வரிசையாக இறங்கி வந்திருந்தன. இடது தடம் ஒவ்வொன்றும் சற்று வெளியே திரும்பியிருந்தது. வேலியின் இடைவெளியில் நுழைந்து, முற்றத்தைக் கடந்து, படிவரை வந்திருந்தன. படிக்கு முன்னால் இரண்டும் பக்கம் பக்கமாக, கதவைப் பார்த்தபடி. அந்த இடத்தில் மட்டும் பனி உருகியது பாதங்களின் அளவோடு நிற்கவில்லை. சுற்றிலும் ஒரு தட்டகலத்துக்கு உருகி, கீழே சேறு தெரிந்தது. வெகுநேரம் நின்றிருக்கிறாள்.

பிறகு தடங்கள் திரும்பின. பாதையில் சேர்ந்து, கீழ்நோக்கிப் போயின. கில்பர்ட் அவற்றை மிதிக்காமல் ஓரமாக நடந்து தொடர்ந்தான். ஓடைக்கரை வந்தது. கற்களின்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அக்கரையில் புல் முழுவதும் வெள்ளை. எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை.

மேலே ஆல்ஃப் ஈஸ்டர் மணியை அடிக்கத் தொடங்கினான். கடைசி ஆராதனை. ஜேபஸ் விடியும்வரை நின்றாராம், சூரியன் வந்ததும் கட்டிலில் விழுந்து குறட்டை விடுகிறார் என்று டோர்காஸ் பிறகு சொன்னாள்.

கில்பர்ட் வீட்டுக்குத் திரும்பினான். பூட்ஸை எடுத்து, படியில் தட்டிப் பனியை உதிர்த்து, உள்ளே கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தான். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தது. அடுப்பு அணைந்திருந்தது. நாற்காலி மெத்தையில் அவன் உட்கார்ந்த குழிவு அப்படியே இருந்தது.

அங்கே உட்கார்ந்து பார்த்தான். கையை நீட்டினான். எழுந்திருக்காமலே கதவு எட்டியது.